லாபம், ரெண்டு, மூணு

பவுலின் டீச்சரின் வேலைக்கு உலை வைத்தவன் வெளியூர்க்காரன் இல்லை. அவள் தன் கையாலேயே தகரத்தை வெட்டி, ஆணி அடித்து, கண்ணுக்குப் பல்பு மாட்டி நிறுத்தி வைத்த பொம்மைதான் அது. யார்மேல் கோபப்படுவது, சொல்லுங்கள்.

நெற்குப்பைக்குப் போகிற சாலையில் ஊருணிக்கரையை ஒட்டி இருந்தது அந்த ஆரம்பப் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புக்கு மூன்று வாத்தியார். ஐந்தாம் வகுப்பு தலைமையாசிரியர் செம்மலையிடம் இருந்தது. மூன்றும் நாலும் இன்னொருவரிடம். ஒன்றும் இரண்டும் பவுலின் டீச்சரிடம், ஒரே கூடத்தில், நடுவில் ஒரு தடுப்புகூட இல்லாமல். ஒன்றில் நாற்பத்திரண்டு பிள்ளைகள், இரண்டில் முப்பத்தாறு. இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டுத் திரும்பினால், ஒன்றாம் வகுப்பில் பாதி ஊருணியில் கால் நனைத்துக்கொண்டிருக்கும். ஒன்றாம் வகுப்பைப் பிடித்து உட்காரவைத்து எண்ணச் சொல்லிக் கொடுத்தால், இரண்டாம் வகுப்பு சிலேட்டால் அடித்துக்கொள்ளும். இந்தக் கூத்தில்தான் அவள் பத்து வருஷம் ஓட்டினாள்.

பொம்மை பிறந்தது அறுபத்தைந்தாம் வருஷம். பெரிய பிஸ்கட் டின் ஒன்று உடம்பு, சின்ன டின் தலை, தகரப் பட்டையில் ஒரே ஒரு கை. கையில் கயிறு கட்டி, விட்டத்தில் இருந்த கொக்கியில் போட்டு, மறுநுனியை அவள் தன் இடது கையில் சுற்றிக்கொண்டாள். இரண்டாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே கயிற்றை இழுப்பாள். அங்குட்டுப் பொம்மை கையைத் தூக்கும். ஒன்றாம் வகுப்பு அடுத்த எண்ணைக் கத்தும். "என்ன டீச்சர், பொம்மலாட்டம் நடத்துறீகளா?" என்று செம்மலை கேட்டார். பிள்ளைகள் அதற்குத் தகர வாத்தியார் என்று பேர் வைத்தார்கள். ஒரே ஒரு கஷ்டம், அவளுக்குத் தும்மல் வந்தால் தகர வாத்தியாருக்கும் வந்துவிடும். ஒரு ஜலதோஷ நாளில் ஒன்றாம் வகுப்பு ஒரே மூச்சில் இருபதைத் தாண்டிவிட்டது.

அறுபத்தொன்பதில் அவள் தம்பி சூசைமரியான் அதற்கு உயிர் கொடுத்தான். டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர் வேலை பார்ப்பவன். உடைந்த கிராமபோன் பெட்டி ஒன்றிலிருந்து ஸ்பிரிங்கைப் பிடுங்கிக் கொண்டுவந்து வயிற்றுக்குள் வைத்தான். சாவி கொடுத்தால் நாற்பது தடவை கை தானாக ஏறி இறங்கும். பவுலினுக்குக் கயிற்றிலிருந்து விடுதலை கிடைத்தது. ஆனால் ஸ்பிரிங் தளரத் தளரக் கையும் சோர்ந்துபோகும், கூடவே பிள்ளைகளும் சோர்ந்துபோவார்கள். இருபத்தெட்டு என்று கத்தினவன் இருபத்தொன்பது சொல்வதற்குள் பக்கத்துப் பையன் தோளில் தூங்கியிருப்பான்.

எழுபத்திரண்டில் பள்ளிக்கூடத்துக்குக் கரண்ட் வந்தது. சூசைமரியான் அன்றைக்கே சைக்கிளில் வந்து இறங்கிவிட்டான். "அக்கா, ஜப்பான்ல கார் கம்பெனியில மிஷின் மனுசன் வேலை பாக்குறானாம். பத்திரிகையில போட்டிருக்கான். ரோபோன்னு பேராம். நம்ம ஆளுக்கு வாயும் வச்சிருவோம்க்கா" என்றான். டாக்கீஸில் கழித்துப் போட்ட மோட்டார் வந்தது. பல் வைத்த மரச்சக்கரம் வந்தது. முழங்கைக்குள் ஒரு குழாய் வைத்து அதில் புளியங்கொட்டையை நிரப்பினான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கை ஒருமுறை தாழ்ந்து, தட்டில் ஒரே ஒரு கொட்டையைப் போடும். கண்ணில் சிவப்பு பல்பு எரியும். இனி குரல்தான் பாக்கி.

குரலுக்கு மேனேஜர் முத்துராமன் செட்டியார் கை கொடுத்தார். பள்ளிக்கூடம் அவருடைய அப்பா கட்டிக் கொடுத்தது; 'அப்பச்சி' என்றுதான் சொல்வார். பினாங்கிலிருந்து வரும்போது அவர் ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்திருந்தார். மகள் கலியாணத்தில் மேளத்தைப் பதிவு பண்ணினதோடு அது பரணில் கிடந்தது. "எடுத்துக்கிடுங்க டீச்சர், பிள்ளைகளுக்குத்தானே" என்று தூசி தட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷர். பெருமை பேசுவதில்தான் கொஞ்சம் வாய் நீளம்.

பதிவு பண்ண உட்கார்ந்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. மோட்டார் ஒரே சீராகச் சுற்றுகிறது. மனுஷ வாய் அப்படி எண்ணுமா? பவுலின் எண்ணினால் பத்துக்குமேல் ஓட்டம் பிடித்தாள். சூசைமரியான் எண்ணினால் நடுவில் கொட்டாவி விட்டான். கொட்டை விழுந்தபிறகு எண் வந்தது, இல்லாவிட்டால் எண் வந்தபிறகு கொட்டை விழுந்தது. கடைசியில் பவுலினுக்குத்தான் பெரியகருப்பன் ஞாபகம் வந்தது.

பெரியகருப்பன் நெல் அளக்கிறவர். காரைக்குடி மண்டியிலும் சுற்றுவட்டக் களங்களிலும் முப்பது வருஷமாக மரக்கால் பிடித்த கை. அளக்கும்போது அவர் குரல் களத்துக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும். கை ஒரு வேகம், வாய் அதே வேகம், காலையில் ஆரம்பித்தது சாயங்காலம்வரை ஒரு இம்மி மாறாது. அவர் மகள் சீதை ஒன்றாம் வகுப்பில்தான் இருந்தாள். கிறிஸ்மஸ் லீவில் அவரைக் கூப்பிட்டு மைக்குக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். "ஒண்ணுலேருந்து இருபதுவரைக்கும் எண்ணுங்கண்ணே, அம்புட்டுதான்" என்றாள் பவுலின். அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, எதிரில் நெல் அம்பாரம் இருப்பதுபோல் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் எண்ணி முடித்தார். மோட்டாரோடு சேர்த்து ஓடவிட்டால் கொட்டையும் குரலும் அச்சுக் குத்தினாற்போல் பொருந்தின. "ஆத்தாடி!" என்று சூசைமரியான் எழுந்து நின்று கைதட்டினான்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் தகர வாத்தியார் பேச ஆரம்பித்தார். ஒன்றாம் வகுப்பு நாற்பத்திரண்டும் அதன் முன்னால் வரிசையாக உட்கார்ந்து, கண் சிமிட்டாமல் கொட்டையைப் பார்த்து, குரல் சொன்னதைத் திருப்பிக் கத்தின. ஊருணிக்கு ஒரு பிள்ளை போகவில்லை. பத்து வருஷத்தில் முதல்முறையாகப் பவுலின் இரண்டாம் வகுப்புக்குக் கழித்தலை முழுசாகச் சொல்லி முடித்தாள். அன்று மத்தியானம் வீட்டுக்குப் போய், கண் தெரியாத அம்மா வியாகுலம்மாளிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். புருஷன் அருள்பிரகாசம் கலியாணமான மூன்றாம் வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் இருந்தது அம்மாவும் அவளும் இந்த வேலையும்தான்.

செட்டியார் வேடிக்கை பார்க்க வந்தார். மறுநாள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கு மறுநாள் வலையபட்டியிலிருந்து சம்பந்தி வீட்டாரை ஒரு கார் நிறையக் கூட்டிக்கொண்டு வந்தார். பெருமை தாங்காமல் கல்வி ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பை இயந்திரமே நடத்துகிறது, ஆசிரியர் தேவையில்லை.' யாரிடமும் காட்டாமல் தபாலிலும் போட்டுவிட்டார்.

ஆபீஸ் என்ன செய்யும்? எழுதினதை எழுதினபடி எடுத்துக்கொண்டது. ஒன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் தேவையில்லை என்றால், இரண்டாம் வகுப்பை மூன்று, நாலோடு சேர்த்துக்கொள்ளலாமே, பவுலின் மேரி வகிக்கும் பணியிடம் எதற்கு என்று கேட்டுப் பதில் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை டெபுடி இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, இயந்திரம் சரியாகப் பாடம் நடத்துகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு எழுதுவார்.

பவுலின் நேரே செட்டியார் வீட்டு முகப்புக்குப் போய் நின்றாள். வழக்கமாக அவர்முன்னால் குரலை உயர்த்தமாட்டாள். அன்றைக்கு உயர்த்தினாள்.

"என் வேலையை எடுக்கவா ஐயா அந்தப் பொம்மையைச் செஞ்சேன்? கையில தகரம் கிழிச்ச தழும்பு இன்னும் கெடக்கு, பாருங்க."

செட்டியார் தவித்துப்போனார். "சத்தியமா பெருமைக்குத்தான் எழுதினேன் டீச்சர். இப்படித் திருப்பிக் கேப்பாகன்னு யாரு கண்டா?"

"அப்ப மாத்தி எழுதுங்க. டீச்சர் இல்லாம நடக்காதுன்னு எழுதுங்க."

"எழுதிக் குடுத்ததை இல்லேன்னா என் வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்கு? வியாபாரத்துல பொழைச்ச குடும்பம்மா இது. சொல்லு மாறினோம்னு ஒரு தாளு எங்குட்டும் இருக்கக் கூடாது." அவர் குரல் கெஞ்சியது. "பொம்மை சரியா நடத்தலேன்னு இன்ஸ்பெக்டரே சொல்லிட்டா எனக்குச் சந்தோசம்தான். நானாச் சொல்ல முடியாது."

பொம்மையோ சரியாக நடத்திக்கொண்டிருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

செவ்வாய்க்கிழமை பவுலின், வெள்ளிக்கிழமை வரப்போகும் இன்ஸ்பெக்டருக்காகப் பிள்ளைகளைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இருந்த சீதையிடம் ஒரு சாக்பீஸைக் காட்டி, "இது எத்தனை?" என்று கேட்டாள்.

"லாபம் டீச்சர்."

பவுலினுக்குச் சிரிப்பு வந்தது. களத்துமேட்டுப் பிள்ளை, அப்பா வாயிலிருந்து பழகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த பையனைக் கேட்டாள். "ரெண்டுல ஒண்ணு போனா எத்தனை நிக்கும்?"

"லாபம் நிக்கும் டீச்சர்."

அவன் அப்பா தையல்காரர். அவனுக்கும் களத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பவுலின் சாக்பீஸைக் கீழே வைத்தாள். போய் ஸ்விட்சைப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். முதல் கொட்டை விழுந்தது. பெரியகருப்பன் குரல் கணீரென்று சொன்னது: "லாபம்." அப்புறம் "ரெண்டு, மூணு, நாலு."

நெல் அளக்கிறவன் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டான், மங்கலமாக இருக்கட்டும் என்று லாபம் என்றுதான் ஆரம்பிப்பான். இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் யார் காதிலும் விழவில்லை. பவுலின் சிவகங்கைப் பக்கம் ஒரு களத்துமேட்டில் வளர்ந்தவள். அவள் காதுக்கு லாபம் என்றாலே ஒன்றுதான். சூசைமரியான் கேட்டான், செம்மலை கேட்டார், செட்டியார் கேட்டார், ஒரு கார் சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். ஆறு வாரமாக நாற்பத்திரண்டு வாய் தினம் இருபது தடவை லாபம் லாபம் என்று கத்தியிருக்கிறது. கூடத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்த டீச்சருக்கு அது தப்பு என்று தோன்றவில்லை. பவுலினுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

புதன்கிழமை தம்பிக்கு ஆள் அனுப்பினாள். பெரியகருப்பனையும் கூப்பிட்டாள். அவர் விஷயத்தைக் கேட்டதும் திகைத்துப்போய், "நானா சொன்னேன் லாபம்னு?" என்றார். டேப்பைப் போட்டுக் காட்டினார்கள். "ஆமா, சொல்லியிருக்கேன். வேற என்னத்தைச் சொல்றது?" என்று அவரே கேட்டார்.

"ஒண்ணுன்னு சொல்லுங்கண்ணே."

அவர் முயற்சி பண்ணினார். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து நாலு தடவை முயற்சி பண்ணினார். தனியாகச் சொன்னால் வந்தது. எண்ணிக்கையில் சேர்த்துச் சொன்னால் அந்தக் கணீர் குரல் தொண்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது, ரெண்டு எட்டிப்பார்ப்பதற்குள் கொட்டை விழுந்துவிட்டது. "மன்னிச்சிருங்க டீச்சரம்மா. மொத அளவுல அந்த வார்த்தையை வாய் எடுக்க மாட்டேங்குது" என்று வெட்கப்பட்டு எழுந்துபோனார்.

கடைசியில் பவுலினே மைக்கில் "ஒன்று" என்றாள். ஒரே வார்த்தை, திருத்தமாக வந்தது. சூசைமரியான் டேப்பில் அவள் குரல் பதிந்த இடத்தை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்தான். ஒரு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. தினம் அறுந்த பிலிமை ஒட்டுகிறவனுக்கு அதெல்லாம் வெல்லம் சாப்பிடுகிற மாதிரி. "எனக்குச் சாயங்கால ஆட்டத்துக்கு நேரமாச்சுக்கா. லாபம் வார எடத்துல பென்சில்ல ரெண்டு கோடு போட்டிருக்கேன். வெட்டிட்டு இதை வச்சு ஒட்டு. ரெண்டு நிமிச வேலை" என்று ஒட்டு நாடாவையும் கொடுத்துவிட்டுப் போனான்.

ரெண்டு நிமிஷ வேலை. அவள் அந்தத் துண்டைச் சாக்பீஸ் பெட்டிக்குள் வைத்தாள். புதன்கிழமை ஒட்டவில்லை. வியாழக்கிழமையும் ஒட்டவில்லை. பொம்மையை நிறுத்திவைத்துவிட்டுத் தானே ஒன்றாம் வகுப்பு முன்னால் நின்று, ஒன்று, ஒன்று என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகளைத் திருத்தினால் போதாதா என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சொல்கிற மனசுக்கு விஷயம் தெரியாமலா இருக்கும்? அந்தத் துண்டை ஒட்டினால் பொம்மை சரியாகிவிடும். பொம்மை சரியாகிவிட்டால் அவள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் செட்டியாரின் காரில் இன்ஸ்பெக்டர் அழகுசுந்தரம் வந்து இறங்கினார். கூட ஒரு கிளார்க். இளநீர் ஆயிற்று, ரோஜாப்பூ மாலை ஆயிற்று. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். செட்டியார் தன் கையாலேயே ஸ்விட்சைப் போட்டார். கண் எரிந்தது, கொட்டை விழுந்தது, "லாபம், ரெண்டு, மூணு" என்று குரல் எழுந்தது. பிள்ளைகள் திருப்பிக் கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அவரும் மானாமதுரைப் பக்கத்துக்காரர்தான், அவர் காதிலும் ஒன்றும் உறைக்கவில்லை. பவுலின் மூச்சை விட்டாள். விட்டது நிம்மதியிலா ஏமாற்றத்திலா என்று அவளுக்கே புரியவில்லை.

"பிரமாதம். நேரத்துக்கு நேரம், கொட்டைக்குக் கொட்டை. இதுக்குமேல ஒரு டீச்சர் என்ன செய்யப்போறாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். கிளார்க் நோட்டைத் திறந்தார். வழக்கத்துக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகலாம் என்று, இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துச் சீதையிடம் காட்டினார்.

"இது எத்தனை பாப்பா?"

சீதை எழுந்து நின்றாள். பவுலினைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள். "லாபம்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "என்னது? ஒன்றுன்னு சொல்லு. யாரு உனக்கு லாபம்னு சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பா." சீதை தகர வாத்தியாரைக் கையால் காட்டினாள். "அதுக்குள்ள இருக்காரு."

பெரியகருப்பன் அந்த நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் முன்னால் தன் குரல் பேசுவதைக் கேட்கவேண்டும் என்று மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"உங்கப்பா தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காரு" என்றார் இன்ஸ்பெக்டர். "தப்புன்னு சொல்லு. ஒன்றுன்னு சொல்லு பார்ப்போம்."

சீதை வாயை இறுக மூடிக்கொண்டாள். ஜன்னலில் இருந்த முகம் மெல்லக் கம்பியைவிட்டுப் பின்னால் போனது. அதைப் பவுலின் பார்த்தாள். அதற்குமேல் அவளால் தாங்கமுடியவில்லை.

"சார், அந்தப் பிள்ளையை விடுங்க" என்று முன்னால் வந்தாள். "அவ மேலயும் தப்பு இல்ல, அவ அப்பா மேலயும் தப்பு இல்ல. களத்துல மொத அளவு லாபம்தான். அது அங்க சரி. அதை வகுப்புல ஓடவிட்டுட்டு ஆறு வாரம் காது கேக்காம நின்னது நான்தான். தப்பு என்னோடது." சாக்பீஸ் பெட்டியைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள். "ஒன்றுன்னு நானே பேசி வச்சிருக்கேன். இதை அந்த எடத்துல ஒட்டினா பொம்மை சரியாயிரும். ரெண்டு நிமிச வேலை."

சொன்ன பிறகுதான் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. சொன்னது சொன்னதுதான்.

இன்ஸ்பெக்டர் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அதில் எழுத்து இருக்கிறதுபோல. "அப்ப வேலை சுலபம்" என்றார். அவர் சொல்லச் சொல்லக் கிளார்க் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நோட்டைச் செட்டியார் பக்கம் திருப்பினார்கள். "கீழே ஒரு கையெழுத்துப் போடுங்க, ஆச்சு."

செட்டியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தார். "'இப்பள்ளியில் உள்ள லாபம் என்னும் பிழை நீக்கப்படும். அதன்பின் இரண்டு வகுப்புக்கும் தனி ஆசிரியர் பணியிடம் தேவையில்லை. இதற்கு நிர்வாகி சம்மதிக்கிறார்.'" விரல் முதல் வரிக்கே திரும்பி வந்தது. "லாபம் என்னும் பிழையா?"

"ஆமா."

"லாபம் பிழைன்னு எழுதி, அதுக்குக் கீழ என் பேரைப் போடச் சொல்றீகளா?"

"அது ஒரு வார்த்தைதானே செட்டியாரே. சரி, அடிச்சிட்டு மாத்திப் போடுவோம். 'இப்பள்ளியில் லாபம் அகற்றப்படும்.'"

"ஐயையோ!" செட்டியார் பேனாவை மேசையில் வைத்துவிட்டார், சுட்டதுபோல.

"'லாபத்துக்குப் பதில் வேறு வைக்கப்படும்' னு போடட்டுமா?"

"லாபத்துக்குப் பதிலா என்னத்த வைப்பீக? வாயில வரவே கூடாதது அது." செட்டியார் எழுந்தே நின்றுவிட்டார். முகம் வேர்த்திருந்தது. "எங்க அப்பச்சி கையால கல்லு எடுத்து வச்ச கட்டடம் இது. மிஷின் வாயைத் தொறந்து மொத வார்த்தையே லாபம்னு சொல்லுது. அதை வெட்டி எறியச் சம்மதிக்கிறேன்னு நான் கையெழுத்துப் போட்டேன்னு வைங்க, வீட்டுல ஆச்சி எனக்குக் கதவைத் தொறக்குமா? தொறக்காது சார். போட மாட்டேன். பொம்மை அப்படியே சொல்லட்டும்."

"அப்படியே சொன்னா பாடம் தப்பு."

"தப்பாவே இருந்துட்டுப் போகுது."

இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் விரித்தார். பிறகு பவுலினைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், இன்னும் நின்றுகொண்டிருந்த சீதையைப் பார்த்தார். அவர் மீசைக்குக் கீழ் சிரிப்பு ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது.

"அது தப்பாச் சொல்லும். அதை மாத்த விடமாட்டீங்க. அப்படின்னா பக்கத்துல நின்னு சரியாச் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். வேணுமா, வேண்டாமா?"

"வேணும். கட்டாயம் வேணும்" என்றார் செட்டியார், வழி கிடைத்த சந்தோஷத்தில். "நம்ம டீச்சர் இருக்காகளே."

"டீச்சர் தேவையில்லைன்னு எழுதியிருந்தீங்களே?"

"மிஷின் நடத்தும்னு எழுதினேன். நடத்துதா இல்லையா? அது நடத்தும், இவுக திருத்துவாக. என் வார்த்தை எங்க மாறுச்சு?"

கிளார்க் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு வேறு எழுதினார். இயந்திரத்தின் பிழைகளை உடனுக்குடன் திருத்த ஆசிரியர் அவசியம், பணியிடம் தொடரலாம். செட்டியார் ஆனந்தமாகக் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

பவுலினுக்கு அழுகை வந்தது, கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. பத்து வருஷம் ஒற்றை ஆளாக எழுபத்தெட்டுப் பிள்ளைகளை மேய்த்ததற்கு அந்த நோட்டில் ஒரு எழுத்து கிடையாது. வேலை நிலைத்தது அவளுக்காக இல்லை, ஒரு வார்த்தைக்குக் குறை வந்துவிடக்கூடாது என்பதற்காக. நிலைத்ததே, அது போதும் என்றும் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சீதையைத் தோளில் தொட்டு உட்காரவைத்தாள்.

கார் கதவைத் திறக்கும்போது இன்ஸ்பெக்டர் திரும்பி நின்றார். செட்டியார் மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்தார். "ஏம்மா, துண்டு எப்பத் தயாராச்சு?"

"புதன்கிழமை சார்."

"ரெண்டு நிமிஷ வேலைன்னீங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே ஒட்டியிருக்கலாமே?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒட்டு நாடா இல்லை என்றோ, தம்பி வரவில்லை என்றோ சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவளுக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"ஒட்டியிருந்தா நான் இன்னைக்கு வீட்டுக்குப் போயிருக்கணும் சார்."

அவர் பேனா மூடியைத் திருகி, சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "நான் ஒண்ணும் கேக்கலை" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

பெரியகருப்பன் ஊருணிப் படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "அண்ணே, உங்க குரல் அப்படியேதான் இருக்கும். யாரும் வெட்டமாட்டாக" என்று பவுலின் போகிறபோக்கில் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டாரோ என்னவோ, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கூடத்தில் எழுபத்தெட்டும் சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

உள்ளே போய் அந்தத் துண்டைச் சாக்பீஸ் பெட்டிக்குள் போட்டு மூடினாள். கொட்டைகளைக் குழாயில் நிரப்பினாள். ஸ்விட்சைப் போட்டாள். கண் எரிந்தது. முதல் கொட்டை தட்டில் விழுந்தது.

"லாபம்" என்றார் தகர வாத்தியார்.

ஒரு பிள்ளைகூட அதைத் திருப்பிச் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு முகமும் பவுலின் பக்கம் திரும்பின, சீதையின் முகமும் சேர்ந்து.

"ஒன்று" என்றாள். குரல் கம்மிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை பலமாகச் சொன்னாள். பொம்மை யாருக்காகவும் நிற்காது, அதற்குள் ரெண்டு சொல்லி அடுத்த கொட்டையைப் போட்டுவிட்டது. மூணில் அவள் அதைப் பிடித்துவிட்டாள்.